கேள்வியா, பேச்சா?

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஏழு மணிக்கே மதினி ஃபோன். என் சிறுநீரகம் அண்ணனுக்குப் பொருந்துகிறதாம். "நல்லாவே பொருந்துதாம் மங்கை, டாக்டரே சந்தோசப்பட்டாரு" என்று அழுதுகொண்டே சொன்னாள். நல்லதுதானே மதினி என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால்காரன் அப்போது வந்திருக்கவே இல்லை.

பிற்பாடு படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். என் அண்ணன் சிவப்பிரகாசத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மதுரையில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மதினிக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் கொடுக்க முடியாது. பிள்ளைகள் இல்லை. அம்மா அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருப்பது நான்தான்.

பத்து மணிக்கு ரபி வந்து இறங்கினார். எங்கள் கம்பெனி வேடசந்தூர் பக்கம். சுண்டுவிரல் நீளத்துக்குக் குட்டி வெள்ளரிக்காய், கெர்கின் என்பார்கள், அதை வினிகரில் ஊறவைத்து டிரம்மில் அடைத்துக் கப்பல் ஏற்றுகிறோம். உள்ளூரில் ஒருத்தர் வாயில் வைக்க மாட்டார். இந்தமுறை இஸ்ரேல் ஆர்டர். யூதர்கள் சாப்பிட வேண்டுமென்றால் அவர்கள் சமயச் சட்டப்படி சுத்தமானது என்று கோஷர் முத்திரை வேண்டும். அதற்கு அவர்களுடைய குரு ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்ப்பார். அவர்தான் ரபி. தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு என்பதால் அவரைக் கூட்டிக்கொண்டு அலைவதும் என் தலையில்.

பெயர் நஃப்தாலி. கறுப்புக் கோட்டு, தாடி. பெட்டியில் சொந்தச் சட்டி, சொந்தக் கரண்டி. வாழைப்பழமும் தானே அவித்த முட்டையும்தான் ஆகாரமாம். அவர் பேசுவது ஆங்கிலம். நான் என் தமிழில் எழுதிக்கொள்கிறேன், கொஞ்சம் புத்தகம் மாதிரிதான் வருகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாஷிங் மெஷின் தண்ணீர் கொட்டுகிறது. ஆளுக்குச் சொல்லியாயிற்று.

ரபி நாள் முழுக்கச் சதகுப்பை இலையைப் பார்த்தார். வாசனைக்காகக் காயோடு போடுகிற இலை. விளக்குப் பெட்டியின் மேல் கொத்துக் கொத்தாக விரித்து, பூதக்கண்ணாடியில் பூச்சி தேடுகிறார். ஒரு பூச்சி இருந்தாலும் அவர்களுக்கு ஆகாது. காய் பிரிக்கிற மேசைப் பெண்கள் "சாமி பேன் பாக்குது" என்று சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார், சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "என் மனைவியும் இதையேதான் சொல்கிறாள்" என்று விட்டார்.

டீ நேரத்தில் முதலாளி தண்டபாணி அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே நீல டிரம்கள் அடுக்கியிருந்தன.

"தூத்துக்குடியில ஒரு இறால் ஊறுகா கம்பெனிய மூடிட்டான் சாமி. டிரம்மு சல்லிசா கெடச்சுது. கழுவி வச்சிருக்கு. புதுசாட்டமே இல்ல?"

இறால் அவர்கள் தொடவே கூடாத பண்டம். நான் மொழிபெயர்த்தேன். ரபி டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நானாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு பேச்சு மழைக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் கம்பெனிக்குள் நுழையும்போதே கடப்பாரைச் சத்தம். முதலாளி ஆள் வைத்து அந்த டிரம்கள் அத்தனையையும் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூட மிச்சமில்லை. ரபி விருந்தினர் அறையிலிருந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யார் இதைச் செய்யச் சொன்னது?"

"நீங்கதானே சாமி" என்றார் முதலாளி. "வேணாம்னு சொல்லிட்டீங்க. நாளைக்கு எவனாவது தெரியாம எடுத்து ரொப்பிட்டா?"

ரபியின் முகம் வெளுத்துவிட்டது. படியில் உட்கார்ந்துகொண்டார். "நான் தீர்ப்புச் சொல்லவில்லையே. நீங்கள் என்னிடம் கேள்வி கேட்கவே இல்லை. நாம் பேசிக்கொண்டிருந்தோம்" என்றார்.

முதலாளிக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். ரபி விளக்கினார். அவர்களிடம் இரண்டு வகை உண்டாம். ஒருவன் ரபியிடம் வந்து, நடந்தது அத்தனையும் சொல்லி, இது ஆகுமா ஆகாதா என்று கேள்வியாகக் கேட்டால், அவர் புத்தகங்களைப் பார்த்து, தேவைப்பட்டால் தன்னைவிடப் பெரியவரைக் கேட்டு, தீர்ப்புச் சொல்வார். கேட்டவன் அதற்குக் கட்டுப்பட்டவன். பிடிக்கவில்லை என்று இன்னொரு ரபியிடம் போய் வேறு பதில் வாங்கக் கூடாது. மற்றது வெறும் பேச்சு. டீக்கடையில் நிற்கிற மனிதன் சொல்வதுபோல. எடுத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம்.

"கேள்வியாகக் கேட்டிருந்தால் என்ன கழுவினீர்கள், எவ்வளவு நாள் காலியாகக் கிடந்தது என்றெல்லாம் விசாரித்திருப்பேன். ஒருவேளை ஆகும் என்றேகூட வந்திருக்கும்" என்றார்.

முதலாளி கிழிந்த டிரம்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நம்ம ஊர்ல சாமி வாயத் தொறந்தா வாக்குதானே? இவுகளுக்கு மட்டும் என்ன ரெண்டு வாயி?"

எனக்கு ரபி மேல்தான் எரிச்சல். பெரிய மனிதன் ஒருவன் நம் கையில் கண்ணாடிப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, கொடுக்கவில்லை, காட்டினேன் என்றால் எப்படி?

ஆகஸ்ட் 7, வியாழன்

மெஷின் ஆள் வரவில்லை. மதினி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள், நான் பேக்கிங் லைனில் நின்றிருந்தேன். கேன்டீனில் சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்டால், "கேள்வியா, பேச்சா?" என்கிறார்கள். கம்பெனி முழுக்க இதே கூத்து.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அருணகிரியிடம் இன்றுதான் சொன்னேன். திங்கள்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், நேரம் அமையவில்லை. என் கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. கம்பத்தில் ஏறுகிறவர்களுக்கு உத்தரவு போட்டுப் போட்டு வீட்டில் வாயே திறக்க மாட்டார். முழுக்கக் கேட்டுக்கொண்டு, "உன் இஷ்டம் மங்கை" என்றார்.

"என் இஷ்டம்னா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"உன் உடம்பு. உன் அண்ணன். நான் என்ன நினைக்க?"

தோசைக் கரண்டியை மேடையில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்த் துணி எடுத்தேன். ஈரமாகத்தான் இருந்தது. எடுத்துவந்து திரும்பக் காயப்போட்டேன்.

எனக்கு அண்ணன் சொன்னால் சொன்னதுதான். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று அவர் சொன்னார். உணவுத் தொழில்நுட்பம் படி என்று விண்ணப்பத்தை அவரே பூர்த்தி செய்து கொண்டுவந்தார். அருணகிரியைப் பார்த்துவிட்டு வந்து, "இவரக் கட்டிக்க, நல்ல மனுசன்" என்றதும் அவர்தான். சரி அண்ணே, சரி அண்ணே என்று இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். எதுவும் மோசமாகப் போகவில்லை என்பதுதான் கோபம். ஒன்றாவது தப்பாகப் போயிருந்தால் சண்டை போடவாவது பழகியிருப்பேன்.

இப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஃபோன்கூட இல்லை. பேசுவதெல்லாம் மதினிதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதுரை போகலாம் என்றிருந்தேன். துணி ஊறப்போட்டுவிட்டேன், மெஷினும் இல்லை, அப்படியே விட்டுப் போக முடியாது.

மாலையில் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் கொடுப்பது, சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் இரண்டையும் சன்னதியில் போட்டு, யாரோ ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னேன். வெள்ளை. ஆனால் காகிதத்தைச் சரியாக மடிக்கவில்லை, இதழ் வெளியே தெரிந்திருக்கும். குழந்தை பார்த்துத்தான் எடுத்திருக்கும். மறுபடி நன்றாக மடித்துப் போட்டேன். வெள்ளை. கூட்டத்தில் எனக்கு மனசு ஒன்றவில்லை, சரியாக வேண்டிக்கொள்ளவில்லை. வேறு கோயிலில் பார்க்கலாம் என்று படியிறங்கும்போது ரபி சொன்னது நினைவு வந்தது, ஒருவர் ஆகாது என்றால் இன்னொருவரிடம் போகக் கூடாது என்று. அது அவர்கள் சட்டம். நமக்கு எத்தனை கோயில் வேண்டுமானாலும் உண்டு.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று ரபியைக் கேட்டேன்.

கேட்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. விளக்குப் பெட்டி அறையில் நாங்கள் இருவர்தான், கதவு திறந்திருந்தது. என் தோழி ஒருத்தி என்று ஆரம்பித்தேன். அவளுடைய அண்ணனுக்குச் சிறுநீரகம் வேண்டும், அவளுடையது பொருந்துகிறது, கொடுக்க வேண்டுமா?

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "கேள்வியா, பேச்சா?"

முதலாளியின் டிரம்கள் ஞாபகம் வந்தன. "கேள்வி" என்றேன்.

"உங்கள் தோழி யூதரா?"

"இல்லை."

"அப்படியானால் நான் என்ன சொன்னாலும் அது அவரைக் கட்டாது."

"தெரியும். உங்கள் ஆள் ஒருத்தி வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதைச் சொல்லுங்கள், போதும்."

நினைவிலிருந்து சொல்ல மாட்டேன் என்றார். அவர் முத்திரை பார்க்க வந்தவர்தான், இந்த மாதிரிக் கேள்விக்கு அவருடைய ஆசிரியரைக் கேட்க வேண்டுமாம். தோழியின் வயது, உடம்பு எப்படி, பிள்ளைகள் உண்டா, அண்ணனுக்கு வேறு வழி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோழிக்குப் பன்னிரண்டாவது படிக்கும் ஒரு மகள் என்றேன். கத்தி என்றால் தோழிக்குப் பயமா என்று கேட்டார். ரொம்ப என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. ரபி என்னை வராந்தாவில் நிறுத்தி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கோர்ட்டில் வாசிக்கிற மாதிரிச் சொன்னார். தன் உடம்பின் ஒரு பாகத்தைக் கொடுத்து இன்னொருவரைக் காப்பாற்றும் கடமை யாருக்கும் இல்லை. எந்த ரபியும், எந்த நீதிமன்றமும், எந்த உறவும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. கொடுக்க அனுமதி உண்டு, கொடுக்கிறவர் பெரிய காரியம் செய்கிறவர்.

கடமை இல்லை! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தோழிக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். இரண்டாயிரம், மூவாயிரம் வருஷமாகச் சட்டம் பேசுகிறவர்கள், அவர்களுக்குத் தெரியாததா? மதியம் பிரியாணி வாங்கிவரச் சொல்லி முழுப் பொட்டலமும் தின்றேன். போன வாரம் திங்கட்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மெஷின் ஆளும் வந்தான். தண்ணீர்க் குழாய் விரிசல் விட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

மதினியிடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல், எனக்குப் பயமாக இருக்கிறது, நந்தினி பன்னிரண்டாவது, என்னால் முடியாது என்றேன். கத்துவாள் என்று ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். சத்தமே இல்லை. பிறகு, "சரி மங்கை. நீ மனசுல எதையும் வச்சுக்காத. சாப்டியா?" என்று கேட்டாள்.

சாப்டியா என்று ஏன் கேட்க வேண்டும்? திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

உப்புக் கரைசலை இரண்டு தடவை அளந்தேன், இரண்டு தடவையும் வேறு வேறு. மூன்றாவது தடவை பார்த்தால் உப்புமானியையே மாற்றி எடுத்திருக்கிறேன். ஒரு தொட்டி முழுக்கத் திரும்பக் கரைக்க வேண்டியதாயிற்று. முதலாளி, "என்னம்மா, கவனம் எங்க?" என்றார். பேச்சா என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறந்தேன். சாவியைத் தேடி எடுத்தால் கையிலேயே இருந்தது. உட்கார்ந்தால் எழ வேண்டும்போல இருக்கிறது, எழுந்தால் போக இடமில்லை.

கடமை இல்லை என்று வந்தாயிற்றே. இனி என்ன?

ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ரபி மிட்டாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், சாப்பிடவில்லை. வேலை முடிந்தது. நாளை அவர்களுடைய ஓய்வு நாள், பயணம் கூடாது என்பதால் இன்று மதியமே திண்டுக்கல் விடுதிக்குப் போய், அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் விமானம்.

கார் வருவதற்குள் பிடித்துவிட்டேன். கொடிக்கம்பத்தடியில் நின்றிருந்தார்.

"ரபி சார், இப்போது பேச்சு" என்றேன். "கேள்வி இல்லை. தோழியும் இல்லை. நான்தான்."

"தெரியும்" என்றார்.

"தெரிந்துகொண்டா தீர்ப்புச் சொன்னீர்கள்?"

"கேட்டது தோழிக்காக. தீர்ப்பும் தோழிக்குத்தான்." பிறகு, "உங்களுக்குப் பாதிதான் கேட்டது என்று அன்றைக்கே பார்த்தேன். கடமை இல்லை என்றதும் ஓடிவிட்டீர்கள். கடமை இல்லை என்பது வேண்டாம் என்பதல்ல. சட்டம் கதவைப் பூட்டவில்லை என்றுதான் சொன்னது. உள்ளே வா என்றோ, வெளியே போ என்றோ சொல்லவில்லை."

"அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள். கொடு என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்." சத்தமாகவே கேட்டேன், கம்பெனிப் பெண்கள் பார்க்கிறார்கள் என்றுகூடக் கவலைப்படவில்லை. கோபம்தான் வந்தது. எல்லோரும் இஷ்டம், அனுமதி, மனசில் வச்சுக்காதே என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். யாராவது ஒருத்தர் சொன்னால் என்ன? செய்துவிட்டு, வலிக்கும்போது அவரைத் திட்டிக்கொள்வேன் அல்லவா?

ரபி பையைக் கீழே வைத்தார். "தீர்ப்புச் சொல்வது எனக்குச் சுலபம்" என்றார். "என் பின்னால் புத்தகங்கள் நிற்கின்றன, என் ஆசிரியர் நிற்கிறார். பேச்சு என்றால் நான் மட்டும்தான். அதனால் எனக்குப் பேச்சு என்றால் பயம். உங்கள் முதலாளியின் டிரம்களைப் பார்த்தீர்கள்." தாடியைத் தடவிக்கொண்டார். "ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அண்ணன் என்ன சொல்கிறார்?"

"தெரியாது."

"கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

சீசன், ஆடிட், மெஷின் ரிப்பேர் என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து நான் மதுரைப் பக்கம் போகவில்லை. சோதனைக்கான ரத்தம்கூட வேடசந்தூரிலேயே கொடுத்தனுப்பினேன்.

"போய்ப் பாருங்கள்" என்றார். "இது பேச்சு. எடுத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம்."

கார் வந்துவிட்டது. முதலாளி அவர் பையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தார்.

ஆகஸ்ட் 16, சனி

மெஷின் ஓடுகிறது. இன்று ஊறப்போட ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

லீவு போட்டுவிட்டு மதுரை போனேன்.

வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். எந்தக் கட்டில் என்று தெரியாமல் இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போய்விட்டேன். அண்ணன்தான் கூப்பிட்டார், "ஏத்தா, இங்க" என்று. முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, கை மட்டும் வீங்கியிருந்தது. அந்தக் கையிலிருந்து ரத்தம் குழாயில் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. நான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதினி காபி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

"அண்ணே, மதினி சொல்லுச்சா? நான் முடியாதுன்னு சொன்னத."

"சொன்னா. நல்லதுன்னேன்."

"நீ ஏண்ணே எங்கிட்ட கேக்கவே இல்ல?"

அண்ணன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். 

"எல்லாத்துக்கும் நீதானே சொல்லுவ? என்ன படிக்கணும், யாரக் கட்டணும், எந்த பஸ்சுல போகணும், எல்லாம் சொன்னியே. இதுக்கு மட்டும் ஏன் வாயத் தொறக்கல?"

"அதனாலதான்" என்றார் அண்ணன்.

"எதனால?"

"நான் சொன்னா நீ செஞ்சிருவ. யோசிக்கக்கூட மாட்ட, சரிண்ணேன்னு வந்து படுத்துக்குவ. எனக்குத் தெரியாதா? ஒன் மதினிய நாந்தான் வஞ்சேன், அவகிட்ட எதுக்குடி கேட்டன்னு. கேக்க ஒத்த ஆளு இருக்கா, அவ எனக்கு மறுத்துப் பேசத் தெரியாத ஆளு. அவகிட்ட எப்படிக் கேக்க?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். 

"சரி, நான் கேக்கறேன்" என்றேன். "சும்மா பேச்சுக்கு இல்ல. கேள்வியா கேக்கறேன். நான் கொடுக்கணுமா, வேணாமா? நீ என்ன சொன்னாலும் அதுதான். சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்தார். பன்னிரண்டாவது மார்க் ஷீட்டைப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழே, நிதானமாக.

"வேணாம்" என்றார். "கொடுக்காத. புள்ளயப் பாத்துக்க. ஊருக்குப் போ. நான் சொல்றேன்."

சொல்லிவிட்டார். இத்தனை நாள் நான் அலைந்ததே இதற்குத்தான். உத்தரவு, அதுவும் அண்ணன் வாயிலிருந்து, அதுவும் நான் பயந்ததற்கு நேர் எதிராக. சரி அண்ணே என்று எழுந்து, காபியைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்சைப் பிடித்திருக்கலாம். யார் மேலும் பழியில்லை.

"முடியாதுண்ணே" என்றேன்.

"என்னது?"

"நீ சொல்றதக் கேக்க முடியாது. நான் கொடுக்கறேன்."

"ஏ, கிறுக்கு புடிச்சிருச்சா? இப்பத்தானே நான் சொன்னா அதுதான்னு சொன்ன."

"சொன்னேன். இப்ப கேக்க மாட்டேங்கறேன்."

அவர் கையை ஆட்டப் போய் மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து, பேசண்டை எமோஷனல் ஆக்காதீங்க மேடம் என்று என்னை வெளியே அனுப்பிவிட்டாள். வராந்தாவில் மதினி மூன்று காபியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. பஸ்சில் வரும்போது இடது விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு தடவை நிறுத்தத்தில் இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினால் எங்கே ஓடுவது, அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அருணகிரியிடம் சொன்னேன். "ம்" என்றார். அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ஆபரேஷன் சமயத்துக்கு லீவு கேட்டுப் போன வாரமே எழுதி வைத்திருக்கிறார், தேதி போடாமல்.

"அப்ப அன்னைக்கு ஏன் உன் இஷ்டம்னீங்க?"

"உன் இஷ்டம்தானே? வேண்டாம்னிருந்தா கிழிச்சுப் போட்டுருப்பேன்."

மனிதனைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் செய்தேன்.

செப்டம்பர் 3, புதன்

ஸ்கேன். வெள்ளைக் குழாய்க்குள் படுக்கவைத்து மூச்சைப் பிடி என்கிறார்கள். பிடித்த மூச்சை விட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எல்லாச் சோதனையும் நல்லபடி. நந்தினி, "அம்மா, ஒண்ணு போனா மத்தது பெருசா வளருமாம், படிச்சேன்" என்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். இஸ்ரேல் கன்டெய்னர் போய்ச் சேர்ந்துவிட்டது. ரபி முதலாளிக்கு அனுப்பிய செய்தியில் என்னை ஒரு வரி விசாரித்திருந்தாராம். போய்ப் பார்த்தேன் என்று மட்டும் பதில் போடச் சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று ஆஸ்பத்திரிக் குழு முன்னால் போனோம். உறுப்பு கொடுக்கிறவர் யாருடைய கட்டாயத்தாலும் வரவில்லை என்று அவர்கள் விசாரித்து உறுதி செய்த பிறகுதான் ஆபரேஷன். மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர், ஓரத்தில் ஒரு கேமரா. இந்தப் பக்கம் நான், அருணகிரி, அண்ணன்.

முதலில் அருணகிரியைக் கேட்டார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று. "அவ இஷ்டம் சார்" என்றார். "அதுதான் சார் எங்களுக்கும் வேணும்" என்று எழுதிக்கொண்டார் மூத்த டாக்டர். இத்தனை நாளும் வீட்டில் எனக்கு எரிச்சல் மூட்டிய வார்த்தை, அங்கே சட்டப்படி சரியான பதிலாகிவிட்டது.

பிறகு என் முறை. என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து என்று என் வாயால் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பயமாக இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது என்றேன்.

"யாராவது கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாங்களாம்மா? புருசன், சொந்தக்காரங்க, பெரியவங்க, யாராவது? தயங்காம சொல்லுங்க."

"இல்ல சார்" என்றேன். "நானே கேட்டுப் பாத்தேன். யாரும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒருத்தர் மட்டும் சொன்னாரு சார். கொடுக்காதன்னு."

"யாரு?"

நான் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். நான்கு பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

"என்ன சார், நீங்களே வேண்டாம்னீங்களா?"

"சொன்னேன் சார்" என்றார் அண்ணன். "சொன்னா கேக்க மாட்டா சார். சின்ன வயசுலருந்தே அப்படித்தான்."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். சுத்தப் பொய். அதை மட்டும் நான் திருத்தவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.